ஆதாரம் அக்காவும் பஸ் சாவியும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தால், எதிரே வருகிறவர் கேட்காமலே வழி சொல்லிவிடுவார். "படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு பாரு, அங்க போ. அக்கா இருப்பாங்க." சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்வார். "ஆனா அழறதை இங்கயே அழுது முடிச்சுட்டுப் போ. அங்க நேரம் கிடைக்காது."

அதை அறை என்று சொல்வதே அதற்குச் செய்கிற மரியாதைதான். மாடிப்படியின் அடியில் மிஞ்சிய இடத்துக்கு ஒரு கதவு போட்டிருந்தார்கள், அவ்வளவே. கூரை படியோடு சேர்ந்து சாய்ந்து இறங்கும். வாசல் பக்கம் அக்காவின் மேசை, உள்ளே தள்ளி இன்னொரு மேசை. மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி சரியாகக் கூரை தாழ்கிற இடத்தில் கிடந்தது. பேசி முடித்து எழுந்திருக்கும்போது பாதிப் பேர் தலையில் இடித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நொந்து வந்தவனுக்கு இது வேறு. நாற்காலியை நகர்த்தலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நகர்த்த இடம்தான் இல்லை.

தேர்வு நேரத்தில் வீட்டில் சாவு, விபத்து, தீ, திடீர் நோய் என்று ஏதாவது இடி விழுந்தால் மாணவர்கள் சலுகை மனு கொடுக்கலாம். கட்டுரைக்குக் கெடு நீட்டிப்பார்கள், மறுதேர்வு வைப்பார்கள், கெட்டுப்போன தேர்வைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவார்கள். ஆனால் மனுக்களை விசாரிக்கிற குழு ஒப்புக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். எழுத வைப்பதுதான் அக்காவின் உத்தியோகம். சலுகை என்ற சொல் அவளுக்கு ஆகாது. "ஒருத்தன் காலைத் தட்டி விட்டுட்டாங்க, திரும்பக் கோட்டுல கொண்டு போய் நிறுத்தறோம். இதுல என்ன சலுகை?" என்பாள். குழுவுக்கே அப்படி ஒருமுறை எழுதி அனுப்பி, ஒரு கண்டனக் கடிதமும் வாங்கியிருக்கிறாள்.

முழுக்கதையையும் குறுக்கிடாமல் கேட்பாள். கேட்டு முடித்ததும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் சொல், "ஆதாரம்?" பாட்டி செத்ததற்கா ஆதாரம் கேட்கிறீர்கள் என்று கொதித்தவர்கள் உண்டு. "எனக்கு வேணாம்பா, நான் நம்பிட்டேன். நம்பாதவங்க மூணாவது மாடியில உக்காந்திருக்காங்க" என்பாள். அதனால்தான் ஆதாரம் அக்கா என்று பெயர் வந்தது. பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு, சம்பளப் பட்டியல் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை.

இரண்டாவது கேள்வி, மனுவை எழுதிக் காட்டிய பிறகு வரும். "இதுல நீ எங்க?"

அதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் மனு எழுதினால் அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஒரு பெண் தன் அம்மாவுக்கு நடந்த அறுவை சிகிச்சையைத் தையல் வரைக்கும் விவரித்து எழுதியிருந்தாள். அக்கா அதைப் படித்துவிட்டு, "அருமையா இருக்கு. இதுக்கு உங்கம்மாவுக்குத்தான் மறுதேர்வு குடுப்பாங்க. பரிட்சை உங்கம்மா எழுதினாங்களா, நீ எழுதினியா?" என்றாள். அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள். பிறகு எழுதினாள்: சோற்றைக் கையில் எடுத்தபடி தூங்கிப்போனதை, படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்ததை. மனு நிறைவேறியது.

எல்லோருக்கும் கடைசியாக ஓர் உபதேசமும் இருந்தது. தேர்வு அறை வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தேர்வு எழுதத் தகுந்த நிலையில் இருக்கிறேன் என்று அதில் அச்சடித்திருக்கும். போட்டுவிட்டு உள்ளே போனால் போனதுதான், அன்றைக்கு எனக்கு உடம்பு முடியவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. "அந்தப் பேனாவைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன்னையே கேட்டுக்க, நான் நல்லா இருக்கேனான்னு. இல்லன்னா திரும்பி வந்துடு. அங்க வீரம் காட்டாத. வீரத்துக்கு மார்க் கிடையாது." இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை தேய்ந்திருந்தது.

பட்டமளிப்பு நாளில் அக்கா மண்டபத்தின் பின்கதவருகே நின்றுகொள்வாள். அழைப்பு கிடையாது, வேலையும் கிடையாது. மேடையில் ஏறுகிற முகங்களில் தன் நாற்காலியில் உட்கார்ந்து போன முகங்களைக் கண்டுபிடித்து, உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டுவாள். அவளுடைய வருடாந்தரச் சம்பளமே அதுதான் என்று சொல்லலாம்.

அவளுக்கு மட்டும் பட்டம் இல்லை. இதே பல்கலைக்கழகத்தில் இளவயதில் சேர்ந்தவள்தான். முதல் வருடத்திலேயே அப்பா படுக்கையில் விழுந்தார், தேர்வு போயிற்று, அத்தோடு படிப்பும் போயிற்று. கேட்டால் கிடைக்கும் என்று ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. பிறகு அதே இடத்துக்குத் தட்டச்சு வேலைக்கு வந்து, மெல்ல மெல்லப் படிக்கட்டுக்கு அடியில் குடியேறினாள். கல்யாணம் என்னாச்சு என்று கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பாள். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, அதுவே போதும் என்று இருந்துவிட்டாள்.

அண்ணன் விடவில்லை. பஸ் ஓட்டுநர் அவர். பல்கலைக்கழக வாசலில் போய் முடிகிற தடம் அவருடையது. மாலை வகுப்பில் சமூகவியல் பட்டம் படிக்கலாம் என்ற அறிவிப்பைத் தினமும் அந்த வாசலில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். நாற்பதைத் தாண்டியவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அதற்கப்புறம் அவர் தம்பட்டம் தாங்க முடியவில்லை. அக்கா தினமும் அவருடைய பஸ்ஸில், அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து வருவாள். கண்ணாடியில் பயணிகளைப் பார்த்து, "இவ எங்க தங்கச்சி. வேலையும் பார்த்துக்கிட்டு டிகிரியும் படிக்கிறா. கடைசி வருஷம்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார், இறங்க அவசரப்படுகிறவர்களிடமும் சொல்வார்.

"அண்ணா, ரோட்டைப் பாருண்ணா."

"ரோட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் சொல்றேன். என் வண்டியில ஒரு கீறல் காட்டு பார்ப்போம்."

உண்மைதான், கீறல் கிடையாது. இன்னொன்றிலும் அவர் கறார். அந்த டிப்போவில் சாவி கைமாறுவது கையிலிருந்து கைக்குத்தான். வண்டியிலேயே விட்டுவிட்டு வருவதோ மேசையில் வைத்துவிட்டுப் போவதோ கிடையாது. ஓட்டுகிறவன் அடுத்தவன் உள்ளங்கையில் வைத்து, "பிடி" என்று சொல்ல வேண்டும். பித்தளையில் வண்டி எண் அடித்த பட்டை ஒன்று அதில் தொங்கும், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

அந்த வீட்டுக்கு ஒரு வியாதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரை எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் சொல்வார்கள், பல் பிடுங்கிய வாயோடும் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்த அண்ணி மட்டும்தான் தலை வலித்தால் தலை வலிக்கிறது என்று சொல்கிற ஆள்.

அக்காவின் கடைசித் தேர்வு ஒருநாள் காலையில் இருந்தது. அந்த வருடத்தோடு மாலை வகுப்பையே மூடுகிறார்கள். அதில் தேறினால் பட்டம், தேறாவிட்டால் திரும்ப எழுத வகுப்பும் இல்லை, வருடமும் இல்லை. அக்கா வழக்கமான இருக்கையில் மடியில் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அண்ணனின் பின்கழுத்து நனைந்திருந்தது.

"என்னண்ணா, இப்படி வேர்க்குது?"

"வெயில்."

"வெயிலே இன்னும் வரலியே."

"நான் நல்லா இருக்கேன். நீ படி."

ஒரு மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் அக்கா விட்டிருக்க மாட்டாள். அண்ணன் சொன்னதால் தலையைக் குனிந்து படித்தாள்.

பல்கலைக்கழக வாசலில் அவர் வண்டியை ஓரமாக அணைத்து நிறுத்தினார். பிரேக்கை இழுத்தார், கதவைத் திறந்தார், எச்சரிக்கை விளக்கைப் போட்டார். கடைசிப் பயணி இறங்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு சாவியை உருவி, திரும்பி, தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். "பிடி" என்றார். அப்படியே ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, ஆஸ்பத்திரியும் பக்கம்தான். நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஊசி போட்டு, அடைப்பை எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். அதற்குள் அண்ணியும் வந்து சேர்ந்திருந்தாள்.

"மணி என்ன?" என்றார்.

"பேசாதண்ணா."

"பரிட்சைக்குப் போ."

"பரிட்சை கிடக்குது."

"எது கிடக்குது? நான் நல்லா இருக்கேன். நீ போகலன்னா எந்திரிச்சு வந்து நானே கொண்டு விடுவேன்." சொல்லிக்கொண்டே வயரைத் தொட்டார். நர்ஸ் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"போயிடும்மா. இல்லன்னா இவரு நிஜமாவே எந்திரிச்சிடுவாரு" என்றாள் அண்ணி.

அக்கா போனாள். எப்படிப் போனாள், எதில் போனாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாசலில் அண்ணனின் பஸ் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டிப்போ போர்மேன் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்காவைத் தெரிந்தவர், ஓடி வந்தார்.

"அம்மா, சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறு இல்லை. சாவி அவள் வலது கையில் இருந்தது. பித்தளைப் பட்டை விரலிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

தேர்வு அறை வாசலில் அந்தத் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட வசதியாகச் சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், போட்டாள், உள்ளே போய் உட்கார்ந்தாள். மேசையில் பேனாவுக்குப் பக்கத்தில் சாவியை ஒழுங்காக வைத்தாள். தேர்வு முடிகிற வரைக்கும் நிமிராமல் எழுதினாள். இவ்வளவு சரளமாக வாழ்க்கையில் எழுதியதில்லை. மணி அடித்துத் தாள்களைக் கட்டும்போதுதான், இது யார் சாவி, இங்கே ஏன் கிடக்கிறது என்று பார்த்தாள். எண்ணைப் படித்தாள். அண்ணனுடைய வண்டி எண்.

ஓடினாள். டிப்போவிலிருந்து மாற்றுச் சாவி வரவேண்டுமென்று போர்மேன் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீட்டிய சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அண்ணன் எப்படிம்மா இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருக்காரு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பகுதிகளிலிருந்தும் பாதிப் பாதி எழுதச் சொல்லியிருந்தது, மேலேயே, தடித்த எழுத்தில். அவள் முதல் பகுதியில் இருந்த அத்தனைக்கும் எழுதிவிட்டு இரண்டாவது பகுதியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வந்திருந்தாள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தலையணையில் சாய்ந்ததும் தம்பட்டம் மறுபடி தொடங்கியது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "உசிரு போயிட்டு வருது, அந்த நேரத்துல நான் முதல்ல என்ன பண்ணேன்? தங்கச்சிய பரிட்சைக்கு அனுப்பினேன்" என்பார்.

"முதல்ல மயக்கம் போட்டீங்க. அப்புறம்தான் அனுப்பினீங்க" என்பாள் அண்ணி.

"அவ வாங்கப் போற டிகிரில பாதி என் நெஞ்சு வலி, தெரிஞ்சுக்க."

அந்த இடம் வரும்போதெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவாள். தேர்வு முடிவு வந்தது, தோல்வி. இன்னும் வரவில்லை என்று அண்ணனிடம் சொன்னாள்.

ஆனால் முடிவுப் பட்டியல் படிக்கட்டு அறைக்கும் வரும். அங்கே உள்மேசையில் இருந்தவனுக்கு அவசரம் என்று பெயர். பேச்சு, நடை, சாப்பாடு எல்லாமே ஓட்டத்தில்தான். அக்கா பழக்கி எடுத்த ஆள், தினமும் அவளிடம் திட்டு வாங்குகிற ஆள். பட்டியலைப் பார்த்தவன் அன்றைக்குத்தான் முதல்முறையாக மெதுவாகப் பேசினான்.

"அக்கா, மனு போடலியா?"

"கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போனேன்."

"அதுக்கு விலக்கு இருக்கே. தன் நெலம தனக்கே தெரியாத நெலமையில இருந்தாங்கன்னு காட்டினாப் போதும். தலையில அடிபட்டு வந்து எழுதினானே ஒரு பையன், அவனுக்கு நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"அவனுக்கு மண்டையில அடி. எனக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான் இருந்தேன்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. என் டேபிளுக்கு வாங்க. எழுதிக்கிட்டு வாங்க."

அவள் மனுவை அவளே கையாளக் கூடாது என்பது அவளே எழுதி வைத்த விதி. இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு எழுதிக்கொண்டு போனாள். மனு எழுத வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவசரம் படித்தான். பஸ்ஸை ஓரம் கட்டிய விதம், பயணிகள் பத்திரமாக இறங்கியது, அடைப்பு இருந்த இடம், டாக்டர் சொன்னது, மாத்திரை சாப்பிடும் முறை எல்லாம் இருந்தது. படித்து முடித்துக் கீழே வைத்தான்.

"அக்கா, அண்ணனுக்கு விருது கேட்டு எழுதின மாதிரி இருக்கு. கண்டிப்பா குடுக்கணும். ஆனா இதுல நீங்க எங்க?"

எத்தனை பேரை அந்தக் கேள்வியால் மடக்கியிருக்கிறாள்! எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டால் இப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சாவிக் கதையை, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். போர்மேன் கேட்டதை, தெரியாது என்று தான் சொன்னதை, பேனாவுக்குப் பக்கத்தில் அதை ஒழுங்காக வைத்ததை.

அவசரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அக்கா! கையில சாவிய வெச்சுக்கிட்டு தெரியாதுன்னீங்களா? இதுக்கு மேல என்ன வேணும்? ஆதாரம் அக்கா ஆதாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே நடந்திருக்கீங்க!"

"போர்மேன் எழுதிக் குடுக்கணும். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அண்ணன் சம்மதிக்கணும்." அக்கா எழுந்தாள், கூரையில் நங்கென்று இடித்துக்கொண்டாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாருடா. என்னை அனுப்பினதுதான் அவருக்கு இப்ப இருக்கிற ஒரே பெருமை."

அதுதான் சிக்கல். பட்டம் வேண்டுமானால், நீ என்னை அனுப்பியதால்தான் கெட்டது என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டம் இல்லை, அதுவும் அவருக்குத் தாங்காது. அழுகைக்கு இடமில்லாத அறையில் அன்றைக்கு அவளே கொஞ்சம் அழுதாள். அவசரம் அவசரமில்லாமல் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அண்ணன் முன்னறையில் மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய், "ரிசல்ட் வந்துடுச்சு. ஃபெயில்" என்றாள். நிறுத்தாமல் மீதியையும் சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் அனுப்பினது தப்பா?"

"நான் போனதுதாண்ணா தப்பு. ஊருக்கெல்லாம் சொல்றவ நான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் தப்பு. ரெண்டு பேரும் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லியே ஒருத்தர ஒருத்தர் கொன்னுடுவீங்க" என்றாள்.

அன்று ராத்திரி அண்ணன் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் அக்கா கிளம்பும்போது கூப்பிட்டார்.

"பாப்பா, அன்னிக்கு டிப்போவுல வண்டிய எடுக்கும்போதே எனக்கு வலி இருந்துச்சு. நீ கேட்டே. வெயில்னேன். உன் பரிட்சை கெட்டுடுமேன்னு ஓட்டினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதையும் எழுது. மறைக்காத. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

குழு மூன்றாவது மாடியில் கூடியது. தலைமை, கணிதப் பேராசிரியை. மனுக்களைத் தள்ளுவதில் பெயர் பெற்றவர். துணைக்கு ஒருவர் வரலாம் என்று விதி இருந்தது. அண்ணன் சலவை செய்த சீருடையில், படிகளில் நின்று நின்று ஏறி வந்து உட்கார்ந்தார். டாக்டர் அனுமதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது தெரிந்ததுதான்.

போர்மேன் எழுதிக் கொடுத்ததைப் பேராசிரியை சத்தமாகப் படித்தார். 'சாவிப் பட்டை அந்த அம்மா கையில் தொங்குவதை நான் பார்த்தேன். ஆனால் அவர்கள் தெரியாது என்று சொன்னார்கள். பல வருடமாகப் பார்க்கிறேன், அவர்கள் தவறாகச் சொல்கிறவர்கள் இல்லை. அதனால் என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.' அறையில் ஒருவர் இருமினார், சிரிப்பை மறைக்கத்தான்.

பேராசிரியை சிரிக்கவில்லை. "இந்த விதிய இங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறவங்களே நீங்கதான். உங்களுக்குத் தெரியாதா?"

"விதி தெரியும் மேடம். அன்னிக்கு எனக்கு என்னைத்தான் தெரியல."

பேராசிரியை பேனாவை மூடினார். அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க எதுவும் சொல்லணுமா?" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். "நான் டிரைவருங்க. சாவிய யாரு கையில குடுக்கறோம்னு பார்த்துக் குடுக்கறதுதான் எங்க பழக்கம். அன்னிக்கு என் உசிரு, என் வண்டி, எல்லாத்தையும் இவ கையில வெச்சேன். வெச்சுட்டு, போய்ப் பரிட்சையும் எழுதுன்னேன். ஒரு கையில எவ்வளவுங்க பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள். ஆனால் அவ்வளவு பெருமையாக அவள் அதற்கு முன் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

முடிவு மறுவாரம் வந்தது. எழுதிய தேர்வு கணக்கில் சேராது. வகுப்பு மூடினாலும் அவளுக்காக அந்த ஒரு தாளுக்கு மறுதேர்வு வைப்பார்கள். அவசரம் அதை மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி படித்தான், எழுந்து குதித்தான், இடித்துக்கொண்டான்.

மறுதேர்வுக் காலையில் அந்தத் தடத்தில் வேறொருவர் பஸ் ஓட்டினார். அண்ணனுக்கு இன்னும் ஸ்டீயரிங்கைத் தொட அனுமதி இல்லை. அக்காவுக்குப் பக்கத்தில், பயணியாக உட்கார்ந்து வந்தார். அந்த ஓட்டுநர் திருப்பத்தில் வண்டியை ஒடித்தபோது உதட்டைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பி, "எங்க தங்கச்சி. திரும்ப எழுதப் போறா" என்றார். திரும்ப என்ற சொல்லை அவர் விழுங்கவில்லை, மற்றதைப் போலவே கம்பீரமாகத்தான் சொன்னார்.

வாசலில் இறங்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா?"

வாய் வரைக்கும் வந்த பதிலை அக்கா நிறுத்தினாள். மாணவர்களுக்குச் சொல்வாளே, அதுபோலத் தன்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"பயமாத்தான் இருக்குண்ணா. ராத்திரி சரியா தூங்கல. ஆனா எழுதுவேன். நீ?"

"எனக்கு அன்னிக்கு மூணு மாடி ஏறினதுலேருந்து கால் வலி. நெஞ்சு வலி இல்ல. நிஜமா." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கையை நீட்டினார். "கையைக் காட்டு பாப்பா."

நடுவாசலில், மாணவர்கள் கடந்து போகிற இடத்தில், ஆதாரம் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒரு பேனா மட்டும் இருந்தது. அண்ணன் பார்த்துத் தலையசைத்தார். அவள் உள்ளே போய், தேர்வு அறை வாசலில் நீட்டிய தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.